தொப்பியில் சிரித்த முகம்

2013-ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, அலுவலக நண்பர் ஒருவர் என்னைப் பேஸ்பால் ஆட்டம் பார்க்க அழைத்துச் சென்றார். கிரிக்கெட்டிலேயே வளர்ந்தவனுக்கு அந்த ஆட்டம் பாதிதான் புரிந்தது. தொலைவில், ஓட்டக்கணக்குப் பலகைக்குக் கீழே உள்ள கடைசி வரிசையில், ஒரு ரசிகர் பெரிய முரசு ஒன்றை வைத்து அடித்துக்கொண்டிருந்தார். 1973 முதல் அநேகமாக ஒவ்வோர் உள்ளூர் ஆட்டத்துக்கும் அவர் முரசோடு வருகிறார் என்று நண்பர் பெருமையாகச் சொன்னார். திரும்பும் வழியில் அரங்கத்துக் கடையில் அப்பாவுக்கு ஒரு தொப்பி வாங்கினேன். அடர்நீலத் துணி, முன்பக்கத்தில் தடித்த நூலால் பின்னப்பட்ட ஒரு முகம். தக்காளியைப் போன்ற சிவப்பு, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட பல்வரிசை, முக்கோணக் கண்கள், தலைக்குப் பின்னால் நட்டுவைத்த ஒற்றை இறகு. அந்த அணியின் பெயர் அப்போது 'கிளீவ்லாந்து இந்தியன்ஸ்'. முகத்தின் பெயர் 'சீஃப் வாஹூ', அதாவது வாஹூ என்னும் குலத்தலைவர்.

விருதுநகர் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்கு அந்தத் தொப்பி வந்து சேர்ந்த அன்று அத்தை அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, இது அனுமாரா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அது ஒரு மனிதனைக் குறிக்கும் படம் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை நான் உணர்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அதை வாங்கிய எனக்கே தோன்றவில்லை.

வாங்கியவனும் ஓர் இந்தியன் என்பதுதான் இதில் வேடிக்கை. அமெரிக்காவில் நம்மவர்கள் பலரும் எப்போதாவது எதிர்கொண்டிருக்கக்கூடிய ஒரு கேள்வி உண்டு: "நீங்கள் பொட்டு இந்தியரா, இறகு இந்தியரா?" கேட்பவர் நகைச்சுவையாகத்தான் கேட்பார். ஒரு முறை என்னிடமும் ஒருவர் கேட்டார், நெற்றியைத் தொட்டுக் காட்டி. எனக்குச் சுருக்கென்றது; பொட்டைப் பற்றிச் சொன்னதுதான் சுருக்கென்றதே தவிர, இறகைப் பற்றிச் சொன்னது உறைக்கவில்லை. 1492-இல் கொலம்பஸ் கரீபியத் தீவுகளில் இறங்கிவிட்டு, ஆசியாவின் கிழக்கு ஓரத்தை எட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு அங்கிருந்தவர்களுக்கு வைத்த பெயர், பிழை என்று தெரிந்த பிறகும் ஐந்நூறு ஆண்டுகளாகத் திருத்தப்படாமல் கிடக்கிறது. தமிழில் நாம் அந்தப் பிழைக்கு மேலே ஒரு பூச்சும் பூசி, 'செவ்விந்தியர்' என்று அழகாகச் சந்தி சேர்த்துக்கொண்டோம். சிறுவயதில் நான் விழுந்து விழுந்து படித்த கௌபாய் சித்திரக்கதைகளில் குதிரைமேல் கூச்சலிட்டபடி வருகிற கூட்டத்துக்கு அதுதான் பெயர். வாஷிங்டன் நகரின் கால்பந்து அணி எண்பத்தேழு ஆண்டுகள் வைத்திருந்த 'ரெட்ஸ்கின்ஸ்', அதாவது 'செந்தோலர்', என்னும் பெயரைப் படித்து நான் முகம் சுளித்தபோது, என் மொழியில் அதற்கு இணையான சொல் பாடப்புத்தகத்திலேயே இருந்தது நினைவுக்கு வந்தது.

எனவே இந்த விஷயத்தைக் கரையில் நின்று தீர்ப்புச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று நான் எண்ணவில்லை. ஆனாலும், ஓர் இனத்தின் பெயரை விளையாட்டு அணிக்குச் சூட்டுவது இழிவா, பெருமையா என்று விவாதிக்கும்போதெல்லாம் சொல்லப்படும் ஒரு வாதம் என்னைத் தொடர்ந்து உறுத்திக்கொண்டிருக்கிறது. "அவர்களைக் கௌரவிக்கத்தான் அந்தப் பெயரை வைத்தோம்" என்பதே அந்த வாதம்.

கிளீவ்லாந்து அணி இந்த வாதத்துக்கு ஒரு மனிதனையே சாட்சியாக வைத்திருந்தது. அவர் பெயர் லூயிஸ் சாக்கலெக்சிஸ். மெய்ன் மாநிலத்தில், பெனோப்ஸ்காட் ஆற்றின் நடுவிலுள்ள ஒரு தீவில், பெனோப்ஸ்காட் பழங்குடியில் 1871-இல் பிறந்தவர். 1897-இல் கிளீவ்லாந்தின் ஸ்பைடர்ஸ் அணியில் சேர்ந்தார். முதல் பருவத்தில் அவர் அடித்த அடியைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. போகும் ஊர்களில் எல்லாம் மக்கள் அவரைப் பார்த்துப் போர்க்கூச்சல் போல ஓலமிட்டுக் கேலி செய்ததையும் அதே பத்திரிகைகள் எழுதின. அவர் வந்த பிறகு அணியையே 'இந்தியன்ஸ்' என்று செல்லமாகவோ கிண்டலாகவோ நிருபர்கள் குறிப்பிடத் தொடங்கினார்கள். அதே ஆண்டு கணுக்காலில் அடிபட்டது, குடி பிடித்துக்கொண்டது, மூன்று பருவங்களில் மொத்தம் 94 ஆட்டங்களோடு அவருடைய ஆட்டவாழ்வு முடிந்தது. பிறகு சொந்த மாநிலத்துக்குத் திரும்பி, காட்டில் மரம் வெட்டும் வேலைக்குப் போய், 1913-ஆம் ஆண்டு டிசம்பரில், 42 வயதில் இறந்தார்.

1915-இல் கிளீவ்லாந்தின் அணிக்குப் புதிய பெயர் தேவைப்பட்டது. அதுவரை நட்சத்திர ஆட்டக்காரர் நாப் லஜோயின் பெயரால் 'நாப்ஸ்' என்று வழங்கிய அணி அது, அவர் விலகிவிட்டார். ரசிகர்களிடையே போட்டி நடத்தி, சாக்கலெக்சிஸின் நினைவைப் போற்றும் வகையில் 'இந்தியன்ஸ்' தேர்ந்தெடுக்கப்பட்டதாக அணி நிர்வாகம் பிற்காலத்தில் பல ஆண்டுகள் சொல்லிவந்தது. அப்படி ஒரு போட்டி நடந்ததற்குத் தடயம் இல்லை. உரிமையாளர் கேட்டுக்கொண்டதன் பேரில் உள்ளூர் விளையாட்டு நிருபர்கள் கூடித் தேர்ந்த பெயர் அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பாஸ்டனின் 'பிரேவ்ஸ்' அணி, கடைசி இடத்தில் கிடந்து எழுந்து வந்து, உலகத்தொடரையே வென்றிருந்தது. பழங்குடிப் பெயருக்கு அப்போது சந்தையில் மதிப்பிருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாக்கலெக்சிஸ் ஆடிய ஸ்பைடர்ஸ் அணி 1899-இல் 134 ஆட்டங்களில் தோற்று, அத்தோடு கலைக்கப்பட்டுவிட்டது. 1915-இல் பெயர் மாற்றிக்கொண்ட அணி வேறு அணி. அதாவது, யாருடைய நினைவாகப் பெயர் வைத்ததாகச் சொன்னார்களோ அவர் அந்த அணிக்காக ஒரு பந்தைக்கூட எதிர்கொண்டதில்லை.

சரி, காரணம் எதுவாயினும் விளைவு பெருமையாக அமைந்ததா? என் அப்பாவின் தொப்பியில் இருந்த முகத்தின் முதல் வடிவம் 1947-இல் வரையப்பட்டது. வரைந்தவர் பதினேழு வயதுப் பையன். உரிமையாளர் பில் வீக், மகிழ்ச்சி பொங்கும் ஒரு சின்னம் வேண்டும் என்று கேட்டிருந்தார். அப்போது அந்த முகம் மஞ்சளாக இருந்தது, 1951-இல்தான் சிவப்பாயிற்று. அதே 1947-இல், அதே பில் வீக்தான் லாரி டோபியைச் சேர்த்துக்கொண்டு, அமெரிக்கன் லீகில் முதல் கறுப்பின ஆட்டக்காரரை இறக்கினார். நிறத்தின் பேரால் பூட்டியிருந்த கதவு ஒன்றை அந்தக் காலத்துக் கண்டனங்களைப் பொருட்படுத்தாமல் திறந்த மனிதருக்கே, சட்டைக் கையில் தைத்திருந்த முகத்தில் ஒரு தவறும் தெரியவில்லை. இது அவரைக் குறை சொல்வதற்காக எழுதியதல்ல. நல்ல மனிதர்களின் கண்ணுக்கும் தப்பிவிடும் இடம் ஒன்று உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி எனக்குக் கிடைக்கவில்லை. சாக்கலெக்சிஸின் சொந்த மக்களான பெனோப்ஸ்காட் சமூகம் 2000-ஆம் ஆண்டில், அந்தச் சின்னத்தைக் கைவிடுங்கள் என்று முறைப்படி தீர்மானம் போட்டுக் கேட்டது. 2018-ஆம் ஆண்டுப் பருவம் முடியும் வரை அது சட்டைகளில் இருந்தது.

நம் ஊர்ப் பக்கம் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை கொடுப்பது என்றால் என்ன நடக்கும்? உரியவரை அழைத்து நிறுத்தி, தலையில் பரிவட்டம் கட்டி, மாலை போடுவார்கள். வாங்க மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. மறுத்த கதைகளும், அதனால் திருவிழாவே நின்றுபோன கதைகளும் ஊருக்கு ஊர் கிடைக்கும். மரியாதை என்பது கொடுப்பவரோடு முடிகிற காரியம் அல்ல. மாலைக்கு உரியவர் வாசலில் நின்று "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, உள்ளே அவருடைய பொம்மைக்கு மாலை போட்டுவிட்டு, "உங்களைத்தான் கௌரவித்தோம்" என்று சொன்னால் அதற்கு நாம் வேறு பெயர் வைத்திருப்போம். அமெரிக்க விளையாட்டரங்கங்களில் பல பத்தாண்டுகள் நடந்தது அதுதான். பருவத்தின் முதல் ஆட்டத்தன்று கிளீவ்லாந்து அரங்கத்துக்கு வெளியே பழங்குடியினர் ஆண்டுதோறும் பதாகை பிடித்து நிற்பார்கள். முகத்தில் சிவப்புச் சாயம் பூசி, கோழியிறகு செருகிய ரசிகர்கள் அவர்களைக் கடந்து உள்ளே போவார்கள்.

வாஷிங்டன் கதை இதைவிடச் சிக்கலானது, இதைவிட அசிங்கமானதும்கூட. அமெரிக்கக் கால்பந்து அணியான அது 1932-இல் பாஸ்டனில் 'பிரேவ்ஸ்' என்ற பெயரில் தொடங்கப்பட்டது. உரிமையாளர் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல். வாஷிங்டனில் சலவைக் கடைகளை நடத்திப் பணம் சேர்த்தவர். அடுத்த ஆண்டு, 1933-இல், அணி வேறு மைதானத்துக்கு மாறியபோது பெயரும் 'ரெட்ஸ்கின்ஸ்' ஆயிற்று. 1937-இல் வாஷிங்டனுக்கு வந்தது. பெயர் மாறிய 1933-இல் பயிற்றுநராக இருந்த 'லோன் ஸ்டார்' டீட்ஸ், தன்னைச் சூ என்னும் பழங்குடி இனத்தவர் என்று சொல்லிக்கொண்டவர். அவரைக் கௌரவிக்கவே பெயர் மாற்றப்பட்டது என்று அணி நிர்வாகம் பிற்காலத்தில் நீதிமன்றம் வரை சொன்னது. ஆனால் பெயர் மாற்றிய அந்த ஜூலை மாதத்திலேயே மார்ஷல் பத்திரிகைகளிடம் பேசியிருக்கிறார். எங்கள் பயிற்றுநரும் சில ஆட்டக்காரர்களும் இந்தியர்களாக இருப்பது இந்தப் பெயரைத் தேர்ந்ததற்குக் காரணம் அல்ல, பேஸ்பால் அணியான பிரேவ்ஸோடு குழப்பம் வந்ததால்தான் மாற்றினேன் என்பதே அவர் சொன்னதன் சாரம். டீட்ஸின் பிறப்பும் தெளிவானதாக இல்லை. முதல் உலகப் போரின்போது, கட்டாய ராணுவப் பணியைத் தவிர்க்க இந்தியர் என்று பொய்யாகப் பதிந்துகொண்டதாக ஸ்போகேன் நகரில் அவர்மீது வழக்கு நடந்து, 1920-இல் குற்றச்சாட்டை எதிர்க்காமல் முப்பது நாள் சிறைத்தண்டனை பெற்றார். கௌரவிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டவர் அந்த இனத்தவர்தானா என்பதே ஐயம். கௌரவித்ததாகச் சொல்லப்பட்டவரோ தாம் கௌரவிக்கவே இல்லை என்று கைப்பட அல்ல, வாய்ப்படச் சொல்லியிருக்கிறார்.

மார்ஷலைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. அந்த லீகில் கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொண்ட கடைசி அணி அவருடையதுதான். புதிய அரங்கம் கூட்டரசு நிலத்தில் இருந்ததால், கென்னடி அரசின் உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடால் மிரட்டிய பிறகே 1962-இல் அது நடந்தது. ரெட்ஸ்கின்ஸ் என்ற பெயரை மரியாதை என்று நம்பச் சொல்கிறவர்கள், அதை வைத்தவரின் மரியாதை உணர்வுக்கு இதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

அந்தச் சொல்லின் பிறப்பைப் பற்றியும் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தலையையும் தோலையும் உரித்து விலைக்கு விற்ற காலத்தில் உரித்த தோலுக்கு வைத்த பெயர் அது என்று எதிர்ப்பாளர்களில் சிலர் சொல்வதுண்டு. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் மொழியியலாளர் ஐவ்ஸ் கொடார்டு 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதை மறுக்கிறது. 1769-இல் இலினாய் பகுதியின் குலத்தலைவர்கள் வெள்ளையரிலிருந்து தங்களை வேறுபடுத்திக் காட்டத் தாங்களே பயன்படுத்திய சொற்றொடர், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது என்று அவர் காட்டினார். தொடக்கத்தில் அதில் இழிவில்லை. ஆனால் 1863-இல் மின்னசோட்டாவின் வினோனா ஊர்ப் பத்திரிகை ஒன்று, இறந்தோர் பாவம் கழிக்கும் மறுவுலகத்துக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு செந்தோலனுக்கும் மாநில அரசின் சன்மானம் 200 டாலராக உயர்த்தப்பட்டுள்ளது என்று சாதாரணச் செய்தியாக அச்சிட்டது. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் சொல் செத்து வேறொன்றாகப் பிறந்துவிட்டது. பிறப்பில் குற்றமில்லை என்பதால் இன்று யாருக்கும் வலிக்கக்கூடாது என்று வாதிடுவது எடுபடாது. 'பறையர்' என்னும் பெயர் ஆங்கிலத்தில் 'பரையா' என்று போய், ஒதுக்கப்பட்டவன், தீண்டப்படாதவன் என்ற பொதுச்சொல்லாக உலகப் பத்திரிகைகளின் தலைப்புகளில் இன்றும் உலவுகிறது. அதை எழுதும் எந்த நிருபருக்கும் அது உயிரோடு இருக்கும் மக்களின் பெயர் என்ற நினைவு இருப்பதில்லை. நம் பெயர்களில் ஒன்றுக்கு நேர்ந்த கதியை வைத்தே இதை நாம் புரிந்துகொள்ளலாம். அதை அப்படி ஆக்கியதில் நம் பங்கு எவ்வளவு என்பது வேறு கட்டுரைக்குரியது.

'ரெட்ஸ்கின்ஸ்' என்ற பெயருக்கு எதிரான வழக்கு 1992-இல் தொடங்கியது. ஷையேன், மஸ்கோகி மரபைச் சேர்ந்த சூசன் ஷோன் ஹார்ஜோவும் வேறு ஆறு பேரும், இழிவுபடுத்தும் பெயரை வணிகமுத்திரையாகப் பதிவு செய்யக்கூடாது என்ற 1946-ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவைக் காட்டி, பதிவை ரத்து செய்யக் கோரினார்கள். அவர் 1974-இல் வாஷிங்டனுக்குக் குடிவந்த புதிதில், இலவசமாகக் கிடைத்த சீட்டுகளோடு கணவருடன் ஓர் ஆட்டத்துக்குப் போயிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் இவர்கள் பழங்குடியினர் என்று கண்டுகொண்டு, தலைமுடியைப் பிடித்து இழுத்து, அணியின் பெயரால் கூப்பிட்டு வேடிக்கை காட்டினார்களாம். அடிக்கவில்லை, திட்டவில்லை. சின்னம் உயிரோடு வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டது என்ற குதூகலம்தான். இருவரும் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார்கள். பெயர் வெறும் பெயர்தானே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த நிகழ்ச்சியைத்தான்.

1999-இல் வணிகமுத்திரை வாரியம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2003-இல் நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. முதல் பதிவு 1967-இல் நடந்தது, நீங்கள் தாமதமாக வந்தீர்கள் என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. மனுதாரர்களில் மிக இளையவருக்கு 1967-இல் வயது ஒன்று. தவழும் வயதில் வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்கிறீர்களா என்ற கேள்வியை மேல்முறையீட்டு நீதிமன்றமே எழுப்பித் திருப்பி அனுப்பியும், 2009-இல் காலதாமதம் என்ற காரணத்தாலேயே எல்லாம் முடிந்தது. அதற்குள் நவஹோ இனத்து அமண்டா பிளாக்ஹார்ஸ் தலைமையில் இன்னும் இளையவர்கள் இரண்டாவது வழக்கைத் தொடங்கி, 2014-இல் வென்றார்கள். அந்த வெற்றியையும் கவிழ்த்தது யார் என்பதுதான் விசித்திரம். 'தி ஸ்லாண்ட்ஸ்' என்ற ஆசிய-அமெரிக்க இசைக்குழு, ஆசியர்களின் கண்களைக் கேலி செய்யும் சொல்லையே தங்கள் பெயராக்கி, அந்தக் கேலியின் பல்லைப் பிடுங்க நினைத்தது. பதிவு மறுக்கப்பட்டபோது வழக்காடி, 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதிகூட எதிர்க்காமல் வென்றது. இழிவுபடுத்தும் பெயருக்குப் பதிவு மறுக்கும் சட்டப்பிரிவே கருத்துச் சுதந்திரத்துக்கு விரோதமானது என்று போயிற்று. தன்னைத் தானே அழைத்துக்கொள்ள ஒருவர் பெற்ற சுதந்திரம், அடுத்தவரை அப்படி அழைப்பவருக்கும் கிடைத்துவிட்டது. நீதிமன்றத்தால் இந்த இரண்டையும் பிரிக்க முடியவில்லை. முடியாதுதான் என்றும் எனக்குப் படுகிறது. சட்டத்தின் வேலை அது அல்ல.

பெயரை ஒருபோதும் மாற்றமாட்டேன், வேண்டுமானால் 'ஒருபோதும்' என்பதைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்று 2013-இல் சொன்ன உரிமையாளர் டான் ஸ்னைடர், 2020 ஜூலையில் மாற்றினார். அந்த மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிலாய்டு கொல்லப்பட்டு நாடே கொந்தளித்துக்கொண்டிருந்தது. முதலீட்டாளர்கள் சேர்ந்து நைகி, ஃபெடெக்ஸ், பெப்சிகோ நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அரங்கத்தின் பெயருரிமையை வைத்திருந்த ஃபெடெக்ஸ் ஜூலை 2-ஆம் தேதி வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. 13-ஆம் தேதி பெயர் போயிற்று. இருபத்தைந்து ஆண்டு வழக்கில் நடக்காதது பதினொரு நாளில் நடந்தது. மனம் மாறியது என்று சொல்வதற்கில்லை, கணக்கு மாறியது. இரண்டு பருவங்கள் பெயரே இல்லாமல் 'வாஷிங்டன் கால்பந்து அணி' என்று ஆடிவிட்டு, 2022-இல் 'கமாண்டர்ஸ்' ஆனார்கள்.

இந்த இடத்தில் மறுதரப்பைச் சுருக்கிவிட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன். 2016-இல் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் 504 பழங்குடியினரிடம் கேட்டபோது, பத்துக்கு ஒன்பது பேர் அந்தப் பெயர் தங்களைத் தொந்தரவு செய்யவில்லை என்றார்கள். 2020-இல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் கேள்வியை வேறு விதமாகக் கேட்டபோது ஏறத்தாழப் பாதிப் பேர் புண்படுவதாகச் சொன்னார்கள். தங்கள் சமூகச் சடங்குகளில் ஊன்றி வாழ்பவர்களிடம் அந்த அளவு இன்னும் கூடியிருந்தது. எந்த எண்ணை நம்புவது என்பதைவிட, இதை ஏன் வாக்கெடுப்பாக நடத்துகிறோம் என்பதே என் கேள்வி. ஊரில் ஒருவருக்கு வைத்த பட்டப்பெயர் அவரைப் புண்படுத்துகிறதா என்று அவருடைய சொந்தக்காரர் பத்துப் பேரிடம் கேட்டு, ஒன்பது பேருக்கு வலிக்கவில்லை என்றால், பத்தாவது ஆளை அப்படியே கூப்பிடலாமா?

ஆனால் அதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தவர் வால்டர் வெட்செல். மொன்டானாவின் பிளாக்ஃபீட் சமூகத்தின் தலைவராக இருந்தவர், அமெரிக்க இந்தியர்களின் தேசியப் பேரவைக்கும் தலைமை தாங்கியவர். 1970-களின் தொடக்கத்தில் அவரே வாஷிங்டன் அணி அலுவலகத்துக்குப் படங்களை எடுத்துச் சென்று, வெறும் எழுத்துச் சின்னத்துக்குப் பதில் ஓர் உண்மையான முகத்தைப் போடச் செய்தார். இறகு தொங்கும் அந்தக் கம்பீரமான பக்கவாட்டு முகம், பிளாக்ஃபீட் தலைவர் ஜான் டூ கன்ஸ் ஒயிட் காஃபின் சாயலில் வரையப்பட்டது. 2020-இல் பெயரோடு அதுவும் அகற்றப்பட்டபோது வெட்செல் குடும்பத்தினர் வருந்தினார்கள். எங்கள் முன்னோரின் முகத்தை எங்களிடம் கேட்காமல் எடுத்துவிட்டார்கள் என்ற அவர்களது குறையை எளிதில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அதே தேசியப் பேரவை 1968 முதல் இத்தகைய சின்னங்களை எதிர்த்து வந்தது என்பதும் உண்மை. ஒரு மக்கள் என்றால் ஒரே குரல் இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் அவர்களைச் சின்னமாகப் பார்ப்பதில் ஒரு வகைதான் போலும்.

கேட்டுச் செய்தால் எப்படியிருக்கும் என்பதற்கு ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு. அதன் அணிப்பெயர் 'செமினோல்ஸ்'. 1947-இல் மாணவர் வாக்கெடுப்பில் வந்தது. ஆட்டத்துக்கு முன், செமினோல் போர்த்தலைவர் ஓசியோலாவாக வேடமிட்ட மாணவர் குதிரையில் பாய்ந்து வந்து, எரியும் ஈட்டியை மைதானத்தின் நடுவில் குத்துவார். 1978-இல் தொடங்கிய இந்தக் காட்சிக்கான உடையைச் செமினோல் பெண்களே தைத்துக் கொடுத்தார்கள். 2005-இல் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பழங்குடிச் சின்னங்களுக்குத் தடை விதிக்க முற்பட்டபோது, ஃபுளோரிடாவின் செமினோல் சமூகப் பேரவை முறைப்படி தீர்மானம் போட்டு, எங்கள் ஒப்புதல் இருக்கிறது என்றது. பல்கலைக்கழகத்துக்கு விலக்கு கிடைத்தது. அடுத்த ஆண்டே ஹார்டு ராக் உணவக நிறுவனத்தை ஏறத்தாழ 965 மில்லியன் டாலருக்கு விலைபேசிய சமூகம் அது. யாரும் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட முடியாது.

இங்கேயும் இரண்டு விஷயங்கள் எனக்குத் தொண்டையில் நிற்கின்றன. ஒன்று, 1830-களிலும் 40-களிலும் ஃபுளோரிடாவிலிருந்து விரட்டப்பட்டு ஓக்லஹோமாவில் குடியேற்றப்பட்ட செமினோல்களின் வழித்தோன்றல்கள் எண்ணிக்கையில் கூடுதல். அவர்களில் இதை எதிர்ப்பவர்கள் உண்டு. சம்மதம் தந்தவர்கள் அந்த மண்ணில் தப்பி நின்ற கிளை. இன்னொன்று ஓசியோலாவே. 1837 அக்டோபரில், பேச்சுவார்த்தைக்கான வெள்ளைக்கொடியை நம்பி வந்தவரை ஜெனரல் ஜெசப்பின் படையினர் பிடித்தார்கள். மூன்று மாதங்களில், 1838 ஜனவரி 30 அன்று, தென் கரோலினாவின் மவுல்ட்ரி கோட்டைச் சிறையில் அவர் இறந்தார். புதைப்பதற்கு முன் சிறை மருத்துவர் தலையை அறுத்து எடுத்துக்கொண்டார். தலையில்லாமல் புதைக்கப்பட்டவரை, அவர் வாழ்நாளில் ஏறியிருக்க வாய்ப்பில்லாத அப்பலூசா என்னும் வடமேற்கு மாநிலத்துக் குதிரையில் ஏற்றி, பல்லாயிரம் பேருக்கு முன்னால் வெற்றிவீரனாக ஓட்டிக் காட்டுகிறார்கள். சம்மதம் இருக்கிறது, எனக்கு அதில் சொல்ல உரிமை இல்லை. இருந்தும் அந்தக் காணொளியை என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை.

எனக்கு மனம் ஒப்பிய ஏற்பாடு ஒன்று உண்டு, அது சிறியது. வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரில், டீட்ஸ் வழக்கு நடந்த அதே ஊரில், 'ஸ்போகேன் இந்தியன்ஸ்' என்றொரு கீழ்நிலைப் பேஸ்பால் அணி உள்ளது. 2006 வாக்கில் அவர்கள் ஸ்போகேன் பழங்குடியிடமே போய் என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். மனித முகம் எதுவும் சின்னமாக வேண்டாம் என்று முடிவாயிற்று. அணியின் பெயர் அந்த மக்களின் சாலிஷ் மொழியில் சட்டையின் மார்பில் எழுதப்பட்டது. அரங்கத்தின் பலகைகளிலும் சாலிஷ் வந்தது. அவர்களது ஆற்றில் நீந்தும் ஒரு மீன் சின்னமாயிற்று. பேசுபவர் அருகிவரும் ஒரு மொழியைப் பேஸ்பால் சட்டையில் வாசிக்கும் குழந்தைகள் அந்த ஊரில் இருக்கிறார்கள். பெயர் மாறவில்லை; பெயரை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பது மாறியது.

'ஃபைட்டிங் ஐரிஷ்' என்ற பெயரை யாரும் எதிர்ப்பதில்லையே என்று கேட்பவர்களுக்கு விடையும் இதில்தான் இருக்கிறது. நாட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கு அது எதிரணியினர் வீசிய ஏளனம். ஐரிஷ் கத்தோலிக்கர்கள் நிறைந்த அந்த நிறுவனமே, வால்ஷ் என்னும் ஐரிஷ் வழிவந்த பாதிரியார் தலைமையில், 1927-இல் அதை எடுத்துச் சூடிக்கொண்டது. வைத்தவரும் சுமப்பவரும் ஒருவரே. நாளை வேண்டாம் என்றால் தூக்கிப் போட அவர்களுக்கு யாரிடமும் வழக்காட வேண்டியதில்லை. கிளீவ்லாந்தில் பெயரை வைத்தவர்கள் பெனோப்ஸ்காட் மக்கள் அல்லர்.

2021-இல் கிளீவ்லாந்து அணி 'கார்டியன்ஸ்' ஆனது. அரங்கத்துக்கு அருகிலுள்ள பாலத்தின் தூண்களில் நிற்கும் கற்சிலைகளின் பெயர். மந்தமான பெயர் என்று பழைய நண்பர் எனக்கு எழுதினார். எனக்கும் அது மந்தமாகத்தான் படுகிறது. 2025 ஜூலையில் அதிபர் டிரம்ப் இரண்டு அணிகளும் பழைய பெயருக்குத் திரும்ப வேண்டும் என்றும், இல்லையேல் வாஷிங்டனின் புதிய அரங்க ஒப்பந்தத்தில் தடைபோடலாம் என்றும் எழுதினார். அதை ஆதரித்த பழங்குடிக் குழுவும் உண்டு, கண்டித்த குழுக்களும் உண்டு.

கிளீவ்லாந்து அணியின் பெயர் மாறிய செய்தி வந்த அன்று ஊருக்குத் தொலைபேசியில் பேசியபோது, அப்பாவிடம் தொப்பியின் கதையைச் சொன்னேன். காட்டுவேலைக்குப் போகும்போது எட்டு வருடமாக அதைத்தான் அவர் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை நான் ஊருக்குப் போனபோது, பஜாரில் உள்ள தையற்காரரிடம் கொடுத்து அந்த முகத்தைப் பிரித்து எடுத்திருந்தார். நூல் போய்விட்டது, ஊசித்துளைகள் போகவில்லை; வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பல்வரிசை அப்படியே தெரிகிறது. அந்த இடத்தில் துணி நைந்துபோய் வெயில் இறங்குகிறதாம். அடுத்த முறை வரும்போது வேறு தொப்பி, எதுவும் போடாத தொப்பியாகப் பார்த்து, வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.